எழுத்து விளையாட்டுக்குத் தானியங்கி ஸ்கிரிப்ட்: நிறுத்துவதில் இருந்து தொடங்கும் வழிகாட்டி

ஒன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) விளையாடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிடும். அதே எலிகளை அடிக்க வேண்டும், அதே மருந்தைக் குடிக்க வேண்டும், அதே பாதையில் கடைக்குப் போய் வர வேண்டும். இதைக் கணினியே செய்யாதா என்று அப்போதுதான் தோன்றும். செய்யும். ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதி எப்படிச் செய்ய வைப்பது என்பதை அடியில் இருந்து சொல்கிறேன். ஏ.எல். ஐசிடியில் பைத்தன் கொஞ்சம் பார்த்தவர் என்றால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். பார்க்காதவரும் பயப்பட வேண்டாம்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஓட வைக்கும் வரியை எழுதும் முன்பே நிறுத்தும் வரியை எழுதிவிட வேண்டும். பழகுகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

எந்த விளையாட்டில் பழகுவது

படம் காட்டும் பெரிய விளையாட்டுகளில் தொடங்காதீர்கள். அங்கே தானியங்கி எழுதுவது என்றால் திரையின் நிறங்களைப் பார்த்து மவுஸை நகர்த்துவது, அல்லது விளையாட்டின் நினைவகத்துக்குள் கைவைப்பது. முதலாவது தலைவலி. இரண்டாவது நேராக எக்கவுண்டைத் தடை செய்வதில் போய் முடியும். வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்டில் லூவா மொழியில் துணை நிரல் எழுத நிறுவனமே இடம் தந்திருக்கிறது. ஆனால் சண்டையின் நடுவில் எந்த மந்திரத்தைப் போடுவது என்று நிரல் தானாக முடிவெடுத்துப் போட முடியாதபடி 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலேயே கதவை அடைத்துவிட்டார்கள். திரையை அழகாக்கலாம், கணக்குக் காட்டலாம், அவ்வளவுதான்.

பழகுவதற்கு நல்ல இடம் எழுத்தால் மட்டுமே ஆன விளையாட்டுகள். 'மட்' என்று சொல்வார்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கி வைத்த வகை இது. டிஸ்க்வேர்ல்ட் (1991), ஆர்ட்வுல்ஃப் (1996), அக்கேயா (1997) போன்றவை எழுத்திலேயே பெயரெடுத்தவை. இடம், எதிரி, அடி, இரத்தம் எல்லாமே வரிகளாகத்தான் வரும். வரியைப் படிப்பது கணினிக்குக் கைவந்த கலை. டேட்டாவும் அவ்வளவாகப் போகாது. மாதக் கடைசியில் பக்கேஜ் தீரும் நிலையில் இருந்தாலும், ஒரு மாலை முழுவதும் ஆடுவதற்கு வருவதும் போவதும் வெறும் எழுத்துத்தானே.

மட் விளையாட்டோடு இணைந்து ஆடுவதற்கான மென்பொருள் மட்லெட். இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உள்ளே இருப்பது பிரேசிலில் 1993இல் பிறந்த லூவா மொழி. இதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கிப் பழைய லெப்டொப் ஒன்று எடுத்தாலே தாராளம்.

விதியைப் படியுங்கள், பிறகு தட்டுங்கள்

வெள்ளவத்தையில் ரியூஷனுக்கு வருகிற பொடியன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, இதை இரவு ஓட விட்டுட்டு நித்திரைக்குப் போகலாமா?"

"போகலாம் தம்பி. விடிய எழும்பேக்க எக்கவுண்ட் இருக்காது."

பெரும்பாலான மட் விளையாட்டுகளில் ட்ரிகர் (ஒரு வரியைக் கண்டதும் தானாகக் கட்டளை அனுப்புவது) வைப்பதோ கட்டளைகளைச் சுருக்குவதோ குற்றமில்லை. ஆள் இல்லாமல் ஓடவிடுவதுதான் குற்றம். நிர்வாகிகள் திடீரென்று வந்து ஒரு வார்த்தை கேட்பார்கள். பதில் வராவிட்டால் கதை முடிந்தது. ஒவ்வொரு விளையாட்டிலும் விதி வேறு, எல்லை வேறு. உள்ளே போனதும் உதவிக் கட்டளையில் தானியங்கி பற்றியும் ஒருவர் பல பாத்திரம் ஓட்டுவது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள். கேட்டவரைத் தடை செய்ய மாட்டார்கள்.

யாருடைய விதியும் வேண்டாம் என்றால் எவேனியா இருக்கிறது. பைத்தனில் எழுதப்பட்ட மட் இயந்திரம். சொந்தக் கணினியில் நிறுவி, மட்லெட்டில் முகவரியாகச் சொந்தக் கணினியையும் போர்ட் எண்ணாக 4000ஐயும் கொடுத்தால் உங்கள் உலகம் உங்கள் கையில். அறைகளின் வர்ணனையைத் தமிழிலேயே எழுதலாம். கொட்டாஞ்சேனைச் சந்தியை அப்படியே கட்டி அதற்குள் பேய் விடலாம். ஆனால் ஒரு கண் வைத்திருங்கள். சொந்தக் கணினியில் தாமதம் என்பதே இல்லை. அதனால் சில பிழைகள் அங்கே தலைகாட்டவே மாட்டா. கீழே வரும் மருந்துப் பிழை அந்தச் சாதிதான்.

முதல் வாரம் கையால்

ஸ்கிரிப்டைத் தொடாமல் ஆடுங்கள். மட்லெட்டில் பதிவு எடுக்கும் வசதியைப் போட்டுவிட்டு ஆடுங்கள். வந்த வரி, நீங்கள் அனுப்பிய கட்டளை எல்லாம் கோப்பாகச் சேரும். பிறகு அதைத் திறந்து, எதை அடிக்கடி தட்டியிருக்கிறீர்கள், எந்த வரியைக் கண்டதும் தட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் ஸ்கிரிப்ட். மற்றதெல்லாம் இலக்கணம்.

அங்கே ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. நீளமான வரிகளை விளையாட்டே உடைத்து அனுப்புகிறதா என்று கவனியுங்கள். பல விளையாட்டுகள் 80 எழுத்தில் வரியை முறித்துவிடும். முறிந்த வரியில் உங்கள் மாதிரி (ஸ்கிரிப்ட் தேடும் வரியின் அச்சு) பொருந்தாது. விளையாட்டின் அமைப்பில் அதை அணைத்துவிட்டால் பிற்பாடு வரும் பாதிப் புலம்பல் மிச்சம்.

முதலில் சுருக்குப்பெயர்கள். மட்லெட்டில் ஏலியஸ் என்பது நீங்கள் தட்டுவதை மாற்றி அனுப்புவது. இரண்டு எழுத்தைத் தட்டினால் முழுக் கட்டளை போகும். தமிழிலும் வைக்கலாம். ஆனால் சண்டை நடுவே விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருந்தால் பேய் காத்திருக்காது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ட்ரிகர்: ஒரு மருந்துக் குப்பியின் கதை

ட்ரிகர் என்பது விளையாட்டில் இருந்து வரும் வரியைக் கண்டதும் நடப்பது. விளக்கத்துக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். மட்லெட்டில் இதையே லூவாவின் சொற்களில் எழுதுவீர்கள். அனுப்புவதற்கு சென்ட், உங்கள் திரையில் மட்டும் காட்டுவதற்கு எக்கோ, நிபந்தனைக்கு இஃப், முடிப்பதற்கு எண்ட்.

விளையாட்டு இப்படி ஒரு வரி தருகிறது என்று வைப்போம்:

உயிர்: 84/120

முதல் தடவை எல்லோரும் எழுதுவது:

மாதிரி: உயிர்: ([0-9]+)
    உயிர் = மெச்சஸ்[2]
    உயிர் < 60 என்றால்
        அனுப்பு "மருந்து குடி"

அடைப்புக்குள் இருப்பது பிடித்துவைக்கும் பகுதி. [0-9]+ என்றால் ஒன்றோ பலவோ இலக்கங்கள். மெச்சஸ் பட்டியலில் 1ஆம் இடத்தில் பொருந்திய முழுத் துண்டும், 2ஆம் இடத்தில் இருந்து பிடித்த பகுதிகளும் இருக்கும். லூவாவில் எண்ணுவது 1இல் இருந்துதான். பைத்தனில் இருந்து வருகிறவர்கள் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள்.

இந்த ஐந்தாறு சொல்லுக்குள் நான்கு பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மெச்சஸில் வருவது எழுத்து, எண் அல்ல. எழுத்தை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் லூவா அடம்பிடித்து நின்றுவிடும். மட்லெட்டின் பிழைப் பலகையில் சிவப்பாக வரும். அது நல்ல பிழை, கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்தால்தான் ஆபத்து. அப்போது லூவா அகராதி வரிசையில் ஒப்பிடும். "9" என்பது "84"ஐ விடப் பெரிது என்று சொல்லும். உயிர் 9இல் தொங்குகிறபோது ஸ்கிரிப்ட் நிம்மதியாக இருக்கும். டுநம்பர் என்ற செயற்கூறால் எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, மாதிரிக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. யாராவது அரட்டையில் "உயிர்: 5" என்று தட்டினால் உங்கள் பாத்திரம் மருந்தை எடுத்துக் குடிக்கும். இதை வேண்டுமென்றே செய்து மற்றவன் மருந்தைத் தீர்ப்பதில் சந்தோஷப்படுகிற ஆட்கள் எல்லா விளையாட்டிலும் உண்டு. வரித் தொடக்கத்துக்கு ^, முடிவுக்கு $. அரட்டை வரி பேசுகிறவரின் பெயரில் தொடங்கும் என்பதால் ^ இருந்தாலே பெரும்பாலான குறும்பு அடங்கிவிடும். பிடித்த சொல்லை அப்படியே திருப்பி அனுப்பும் ட்ரிகர் எழுதும்போது இன்னும் கவனம். மற்றவர் தட்டுவது உங்கள் கட்டளையாகப் போக இடம் வைக்கக் கூடாது.

மூன்றாவது, 60 என்ற எண். இன்று முழு உயிர் 120, நாளை 300. பாதிக்குக் கீழே என்று எழுதுங்கள்.

நான்காவதுதான் கொழும்பில் இருப்பவருக்கு உரியது. சேர்வர் அமெரிக்காவில் என்றால் ஒரு கட்டளை போய்ப் பதில் வரக் கால் செக்கன் அளவு எடுக்கும். அதற்குள் எதிரி அடித்துக்கொண்டிருப்பான், உயிர் வரி இன்னும் இரண்டு மூன்று தடவை வரும். ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்ட் "மருந்து குடி" என்று அனுப்பும். ஒரு குப்பி போதுமான இடத்தில் மூன்று காலி. மட்லெட்டின் கட்டளை வரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கட்டத்தில் இணையத் தாமதம் காட்டப்படும், பாருங்கள். அது கூடக் கூடக் குப்பியும் கூடும். சேர்வருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதியவரின் ஸ்கிரிப்ட் அங்கே ஒழுங்காக ஓடி, வெள்ளவத்தையில் தடுமாறுவது இதனால்தான்.

தீர்வு, அனுப்பியதை நினைவில் வைத்துக்கொள்வது. சரி, இப்போது முழுவதையும் திருத்தி எழுதுவோம்:

மாதிரி: ^உயிர்: ([0-9]+)/([0-9]+)$
    ஓடலாமா = இல்லை என்றால் திரும்பு
    உயிர் = எண்ணாக்கு(மெச்சஸ்[2])
    முழு = எண்ணாக்கு(மெச்சஸ்[3])
    உயிர் < முழு × 0.5, கூடவே காத்திருப்பு = இல்லை என்றால்
        காத்திருப்பு = ஆம்
        அனுப்பு "மருந்து குடி"
        3 செக்கன் கழித்து: காத்திருப்பு = இல்லை

மாதிரி: ^நீ மருந்தைக் குடிக்கிறாய்\.$
    காத்திருப்பு = இல்லை

மாதிரி: ^உன்னிடம் மருந்து இல்லை\.$
    ஓடலாமா = இல்லை
    எக்கோ "மருந்து முடிந்தது. கையால் பார்."

காத்திருப்பை அவிழ்ப்பது விளையாட்டின் பதில் வரி. 3 செக்கன் டைமர் வெறும் காப்பு, பதில் வராமலே போனால் ஸ்கிரிப்ட் உறைந்துபோகாமல் இருக்க. டெம்ப்டைமர் என்ற செயற்கூறு இதைச் செய்யும். அதிலும் ஒரு நுணுக்கம்: முதல் குப்பிக்காக வைத்த டைமர், இரண்டாவது குப்பி போன பிறகு வந்து காத்திருப்பை அவிழ்த்துவிடக் கூடும். டைமரின் எண்ணை வைத்துக்கொண்டு, பதில் வரி வந்ததும் கில்டைமரால் அதை முடித்துவிடுங்கள். முற்றுப்புள்ளிக்கு முன்னால் \ ஏன் என்றால், மாதிரிக்குள் வெறும் புள்ளி 'எந்த எழுத்தும்' என்று பொருள்படும்.

அனுப்பு, நினைவில் வை, பதில் வரும்வரை பொறு, வராவிட்டால் என்ன செய்வது என்று முன்பே முடிவெடு. இந்த ஒரு ட்ரிகரைச் சுத்தமாக எழுதத் தெரிந்தால் மிச்சமெல்லாம் இதே அச்சுத்தான்.

தமிழ் வரிகளோடு பழகுபவருக்கு ஒரு குறிப்பு. லூவாவின் சாதாரண நீள அளவு பைட்டைத்தான் எண்ணும். 'உயிர்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட்டில் ஐந்து குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகவே லூவா 15 என்று சொல்லும். பாதியில் வெட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியும். மட்லெட்டில் யூடிஎஃப்8 செயற்கூறுகள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். அமைப்பில் சேர்வரின் எழுத்துக் குறியேற்றத்தையும் யூடிஎஃப்-8க்கு மாற்ற மறக்க வேண்டாம்.

நிறுத்துவது

மேலே 'ஓடலாமா' என்று ஒன்று வந்ததைப் பார்த்திருப்பீர்கள். கட்டளை அனுப்பும் எல்லா ட்ரிகரின் முதல் வரியும் அதுதான். வெற்று ஸ்கிரிப்டில் முதலில் எழுத வேண்டியதும் அதுதான். தொடக்கத்தில் அது 'இல்லை'. ஒரு விசையை, எஃப்12 என்று வைப்போம், அழுத்தினால் 'இல்லை' ஆக வேண்டும். அந்த விசைக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள். இரண்டாவது அழுத்தில் மறுபடி தொடங்கும்படி வைக்கவும் வேண்டாம். பதற்றத்தில் இரண்டு தரம் அழுத்துவோம்.

அதற்குமேல் இரண்டு காவல். ஒன்று, ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டளை போயிருக்கிறது என்று எண்ணி, நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டினால் அணைப்பது. ஒரு ட்ரிகரின் பதில் இன்னொரு ட்ரிகரைத் தூண்டி, அது திரும்ப முதலாவதைத் தூண்டும் சுழலில் சிக்கினால் இதுதான் காப்பாற்றும். மற்றது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையும் டைமர். தொடர வேண்டுமென்றால் நீங்கள் ஏதாவது தட்ட வேண்டும். நான் 'ம்' என்று வைத்திருக்கிறேன். நீங்கள் தேநீர் போட எழுந்து போனால் பாத்திரமும் சும்மா நிற்கும். ஆள் இல்லாமல் ஓடக் கூடாது என்ற விதியை இப்படி ஸ்கிரிப்டே காக்கும்.

பிறகு, மின்சாரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது நினைவிருக்கும். லெப்டொப்பில் பெட்டரி இருக்கும், ரவுட்டர் செத்துவிடும். பல விளையாட்டுகளில் இணைப்பு அறுந்தாலும் பாத்திரம் சிறிது நேரம் அங்கேயே நின்று அடி வாங்கும். அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடியது திரும்பி வரும்போதுதான். இணைப்பு வந்ததும் ஸ்கிரிப்ட் பழைய நினைவில் இருக்கும்: காத்திருப்பு 'ஆம்', நடந்துகொண்டிருந்த பாதையில் மிச்சம் எட்டு அடி. பாத்திரமோ எங்கேயோ கோயிலில் உயிர்த்தெழுந்திருக்கும். ஸ்கிரிப்ட் அந்த எட்டு அடியை அங்கிருந்து நடக்கும். இணைப்பு வருவதற்கும் போவதற்கும் மட்லெட் நிகழ்வுகளை எழுப்புகிறது. இரண்டிலும் எல்லா நினைவையும் அழித்து, 'ஓடலாமா'வை இல்லை ஆக்குங்கள்.

நடப்பது

பாதையை ஒரே மூச்சில் அனுப்பக் கூடாது. வடக்கு, வடக்கு, கிழக்கு என்று பத்தையும் கொட்டினால் நடுவில் ஒரு கதவு பூட்டியிருந்தாலும் மிச்சத்தை நடந்து தொலைந்துபோவீர்கள். பாதையைப் பட்டியலாக வைத்து, புது அறையின் பெயர் வரி வந்த பிறகே அடுத்த அடியை அனுப்புங்கள். எதிர்பார்த்த அறை வராவிட்டால் நில்லுங்கள். மட்லெட்டில் வரைபட வசதி உள்ளேயே இருக்கிறது, தொடக்கத்தில் அதை நம்பியே ஓட்டலாம்.

விளையாட்டு ஜிஎம்சிபி (நிலவரத்தைத் தனி வழியில் அனுப்பும் முறை) தருமானால் கொண்டாட்டம். உயிர், மந்திர சக்தி, அறை எண் எல்லாம் எழுத்து வரியோடு கலக்காமல் தனியாக, ஒழுங்கான அட்டவணையாக வரும். அரட்டையில் யாரும் பொய் வரி போட்டு ஏமாற்ற முடியாது. மாதிரி எழுதவும் வேண்டியதில்லை. அக்கேயாவும் ஆர்ட்வுல்ஃபும் தருகின்றன. அப்படியானால் ஏன் மாதிரி எழுதப் பழகச் சொன்னேன் என்று கேட்கலாம். ஜிஎம்சிபி எல்லாவற்றையும் சொல்லாது. "உன்னிடம் மருந்து இல்லை" என்பது பெரும்பாலும் வரியாகத்தான் வரும்.

சோதித்துப் பார்ப்பது

உயிரோடு இருக்கும் பாத்திரத்தில் சோதிக்காதீர்கள். மட்லெட்டில் ஃபீட்ட்ரிகர்ஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் வரியை விளையாட்டில் இருந்து வந்தது போலவே ட்ரிகர்களுக்குக் காட்டும். வரிக்கு முன்னும் பின்னும் வரிமுறிப்புக் குறி போட வேண்டும், இல்லாவிட்டால் ^ பொருந்தாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மட்லெட்டில் உங்கள் சுயவிவரத்தை விளையாட்டோடு இணைக்காமலே திறக்கலாம் என்பதால் கரண்ட் இல்லாத மாலையிலும் இந்த வேலை நடக்கும்.

சோதிக்கும்போது நல்ல வரியை மட்டும் கொடுக்காதீர்கள். 84/120 கொடுங்கள், 9/120 கொடுங்கள், 0/120 கொடுங்கள். 59/120ஐ அரைச் செக்கனுக்குள் ஐந்து தடவை கொடுத்து ஒரே ஒரு "மருந்து குடி" போகிறதா என்று பாருங்கள். "குமரன் சொல்கிறான்: உயிர்: 5/120" என்று அரட்டை போலக் கொடுத்தால் ஒன்றும் நடக்கக் கூடாது. எல்லாம் சரி என்றால் முதல் வாரத்துப் பதிவுக் கோப்பில் இருந்து ஒரு சண்டையை வரி வரியாக ஊட்டுங்கள். நீங்கள் கையால் குடித்த இடத்தில் ஸ்கிரிப்டும் குடிக்கிறதா? வேறு இடத்தில் குடித்தால் யார் சரி என்று யோசியுங்கள். சில வேளை ஸ்கிரிப்ட்தான் சரியாக இருக்கும்.

அப்புறம், மற்றவர் எழுதிய ஸ்கிரிப்ட் பொதிகள். ஆயத்தமாகக் கிடைக்கின்றன, பலது அருமையானவை. ஆனால் மட்லெட்டுக்குள் ஓடும் லூவாவால் உங்கள் கணினியின் கோப்பைத் திறக்க முடியும், வேறு புரோகிராமை ஓட வைக்கவும் முடியும். முகம் தெரியாதவர் தந்ததை வரி வரியாகப் படிக்காமல் போடாதீர்கள். படிக்கச் சோம்பலாக இருந்தால் அது வேண்டாம். அதேபோல உங்கள் ஸ்கிரிப்டை நண்பருக்குக் கொடுக்கும் முன், தானாக உள்நுழைவதற்காக எங்காவது கடவுச்சொல்லை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் ஸ்க்ரீப்ஸ் பக்கம் போங்கள். அங்கே ஸ்கிரிப்ட் எழுதுவதே விளையாட்டு. ஜாவாஸ்கிரிப்டில் நீங்கள் எழுதியது நீங்கள் தூங்கும்போதும் ஓடும், யாரும் தடை செய்ய மாட்டார்கள். அந்தப் பொடியனை இப்போது அங்கேதான் அனுப்பி வைத்திருக்கிறேன்.